இவ்வளவு ஆராய்ச்சி நடந்தும் முடக்குவாதம் போன்ற அழற்சி நோய்களை ஏன் முழுதாகக் குணப்படுத்த முடியவில்லை?

நான் டாக்டர் இல்லை. பதினோரு வருடமாக முடக்குவாதத்தோடு இருப்பவன். இதே கேள்வி எனக்கும் இருந்ததால் தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பற்பசை மூடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டித் திறப்பேன். கிருமி எதுவும் கிடையாது. நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுச் சவ்வைத் தாக்குகிறது.

1948-இல் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் குழுவினர் முடக்குவாதத்தால் படுக்கையை விட்டு எழச் சிரமப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில நாட்களில் நடந்தார். 1950-இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் தொடர்ந்து எடுத்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும் என்பது பிறகு தெரிந்தது. ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு அந்த வீங்கிய முகம் தெரிந்திருக்கும்.

எனக்குப் பிடித்தது 1992 லண்டன் சோதனை. மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி இருவரும் டிஎன்எஃப் என்ற ஒரே புரதத்தை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். அழற்சியில் பங்குபெறும் புரதங்கள் ஏகப்பட்டவை, ஒன்றை அடைத்து என்ன ஆகப்போகிறது என்று பலர் நினைத்த காலம் அது. வீக்கமும் வலியும் மளமளவென்று குறைந்தன. மருந்தின் வேகம் தீர்ந்ததும் நோய் திரும்பியது. மறுபடி போட்டதும் மறுபடி அடங்கியது. சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறோம் என்பதும், நோயின் வேர் அங்கே இல்லை என்பதும் ஒரே சோதனையில் தெரிந்துவிட்டன.

நானும் டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் ஊசிதான் போடுகிறேன். போன வருடம் காய்ச்சலால் அது இரண்டு முறை தள்ளிப்போனது. பற்பசை மூடி மறுபடி உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

காரணம் இதுதான்: டிஎன்எஃப் ஒரு தகவல்தான், அனுப்புகிறவர் வேறு. சொந்தத் திசுவை எதிரி என்று மனப்பாடம் செய்துவிட்ட செல்கள் உள்ளேயே இருக்கின்றன. தகவலை ஒரேயடியாக நிறுத்தவும் முடியாது, ஏனென்றால் நுரையீரலில் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிக் கட்டிய சுவர் நிற்பதற்கும் இதே டிஎன்எஃப் வேண்டும். 2001-இல் இந்த மருந்து எடுத்த 70 பேருக்குக் காசநோய் வந்ததாக ஓர் ஆய்வு வெளியானது. முதல் ஊசிக்கு முன் டிபி பரிசோதனை கேட்பது அதனால்தான். எனக்கு அப்போது அது வீண் அலைச்சலாகத் தோன்றியது.

(இடையில் ஒன்று: இதே நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.)

அப்புறம், அந்த மனப்பாடத்தையே அழிக்கும் முயற்சியும் நடக்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கனில் லூபஸ் (இதுவும் சொந்த உடலையே தாக்கும் நோய்தான்) நோயாளிகள் ஐந்து பேரின் டி செல்களை (நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகை) வெளியே எடுத்து, அந்தத் தவறான மனப்பாடத்தைச் சுமக்கும் இன்னொரு வகையான பி செல்களைத் தேடி அழிக்கும்படி மாற்றித் திரும்பச் செலுத்தினார்கள். 2022-இல் வெளியான முடிவின்படி ஐந்து பேருக்கும் மருந்தில்லாமலே நோய் அடங்கியிருந்தது. அந்த ஆய்வில் ஐந்தே பேர், சில மாதக் கண்காணிப்பு, அவ்வளவுதான்.

என் டாக்டரிடம் இதை ஆவலாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல விஷயம்தான், அடுத்த ஊசி தேதியை மறந்துடாதீங்க" என்றார்.