கேள்வி பதில்: சொல்லாமல் வந்த விருந்தாளி

கேள்வி: ஸ்டார் ட்ரெக்கின் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரை முதல் சீசனிலிருந்து பார்த்து வருகிறேன். பெரிய வில்லன்களாகக் கொண்டுவந்த ஃபெரெங்கிகளைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. ஒரு புது வேற்றுக்கிரக இனத்தை ஒழுங்காக அறிமுகப்படுத்தத் தெரியாதா இவர்களுக்கு?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய திருச்சி வாசகர்)

பதில்: சிரிப்பு வந்தது உங்களுக்கு மட்டும் இல்லை. 1987-ல் முதல் எபிசோடிலேயே கூட்டாளிகளையே தின்றுவிடுவார்கள் என்கிற மாதிரி ஃபெரெங்கிகளைப் பற்றிப் பயமுறுத்திவிட்டு, சில வாரம் கழித்துக் காட்டியது யாரை? பெரிய காதும் கையில் சாட்டையுமாகத் துள்ளிக் குதிக்கிற குள்ள மனிதர்களை. பில்டப் மட்டும்தான் மிச்சம். ஆனால் கொஞ்சம் பொறுங்கள், இரண்டாம் சீசனில் 'க்யூ ஹூ' என்று ஒரு எபிசோட் வரும், 1989-ல் ஒளிபரப்பானது, அதில்தான் போர்க் வருகிறார்கள் (பன்றிக்கறி இல்லை, இனத்தின் பெயரே அதுதான்). முதலில் பூச்சி இனமாக யோசித்து, செலவு கட்டுப்படியாகாமல் பாதி மனிதன் பாதி இயந்திரமாக மாற்றினார்களாம். நல்ல வேளை.

எதற்கும் தயார் என்று கேப்டன் பிக்கார்ட் சொல்லப்போக, அப்படியா என்று க்யூ (நினைத்ததையெல்லாம் நடத்திக்காட்டுகிற வேற்றுக்கிரகவாசி) அவருடைய என்டர்பிரைஸ் விண்கப்பலை 7,000 ஒளியாண்டு தள்ளி வீசிவிடுகிறான். அங்கே ஒரு கனசதுரக் கப்பல், முன்பக்கம் பின்பக்கம் எதுவும் தெரியாது. அதிலிருந்து ஒருவன் நேராக என்டர்பிரைஸின் இன்ஜின் அறைக்குள் வந்து நிற்கிறான். மிரட்டல் இல்லை, வசனம் இல்லை, சுற்றி நிற்கிற ஆட்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கம்ப்யூட்டரை நோண்ட ஆரம்பிக்கிறான். சுட்டதும் விழுகிறான், அடுத்தவன் வருகிறான், அதே துப்பாக்கியால் சுட்டால் அவன் மேல் ஒன்றும் ஆகவில்லை, தன் வேலையை முடித்துக்கொண்டு, விழுந்தவன் உடம்பிலிருந்து வேண்டிய பாகங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். என்னைக் கேட்டால் மொத்த அறிமுகமும் அந்த ஒரு காட்சிதான். நம்மைக் கொல்ல வருகிறவனைக்கூடப் புரிந்துகொள்ளலாம், நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காதவனை என்ன செய்வது?

அப்புறம் கேக் வெட்டுகிற மாதிரி என்டர்பிரைஸில் ஒரு துண்டை அறுத்து எடுக்கிறார்கள், அதோடு 18 பேர் போய்விடுகிறார்கள். சண்டை போட்டு ஜெயிக்கவும் இல்லை, தந்திரமும் பலிக்கவில்லை, பிக்கார்ட் க்யூவிடம் 'நீ வேண்டும்' என்று வாய்விட்டுக் கேட்டுத்தான் தப்பிக்கிறார். கதாநாயகன் தோற்றதை அப்படியே விட்டார்களே, அந்தத் துணிச்சலுக்கே ஒரு சபாஷ்.

கேள்வி: அவ்வளவு பயங்கரமானவர்கள் பிறகு ஏன் சப்பென்று ஆனார்கள்?
(அதே வாசகர், அதே கடிதம்)

பதில்: 1990-ல் பிக்கார்டையே பிடித்துத் தங்களில் ஒருவராக மாற்றினார்களே, அதுவரை சரி. 1996-ல் வந்த 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட்' என்கிற ஸ்டார் ட்ரெக் படத்தில் அவர்களுக்கு ஒரு ராணியைக் கொடுத்தார்கள். ராணி என்றால் பேசுவாள், கோபப்படுவாள், பேரம்கூடப் பேசலாம். முகமே இல்லாத கூட்டத்துக்கு முகம் வந்துவிட்டது. அப்புறம் 'வாயேஜர்' என்கிற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரில் அடிக்கடி தலைகாட்டி அடிக்கடி தோற்க ஆரம்பித்தார்கள். அந்த இன்ஜின் அறைக்காரனிடம் யாராலும் பேரம் பேச முடிந்திருக்காது.