பில் கோட்டில விழாமல் கீழ இறங்குது – பதில்

நீங்கள் சொன்னதில விசயம் இருக்கு: மாங்குளம் நெல்லுக் கடையில பழைய எப்சன் எல்எக்ஸ்-300 பிரிண்டர் நிண்ட இடத்தில இப்ப எல்கியூ-310, அதிலதான் பில் வரியள் கோட்டில விழாமல் இறங்குது. பிரிண்டருக்குப் போற வரி இடைவெளிக் கட்டளை மட்டும் பழசு, 27 51 54 எண்ட மூண்டு எண். பிரிண்டர் பழுதில்லை, திருத்திற கடைக்குக் குடுக்காதேங்கோ.

எல்எக்ஸின்ர அச்சுத் தலையில 9 ஊசி, எல்கியூவில 24 ஊசி. இந்தக் கட்டளையின்ர கடைசி எண்ணை முதலாவது 216ஆல பிரிக்கும், மற்றது 180ஆல. 54ஐ 216ஆல பிரிச்சால் கால் அங்குலம், உங்கட பில் கோட்டின்ர இடைவெளி. 180ஆல பிரிச்சால் 0.3 அங்குலம். பத்து வரியில அரை அங்குலம் இறங்கிடும், "மொத்தம்" கையெழுத்துக் கோட்டிலதான் போய் விழும்.

27 51 45 எண்டு மாத்துங்கோ. 45 ஒரே பைட், அதாவது ஒரே எண்ணாப் போகவேணும். 4, 5 எண்டு ரெண்டு எழுத்தா அனுப்பினால் இடைவெளியும் பிழைக்கும், தாளிலயும் 5 எண்டு அச்சாகும். அதிகம் பேர் சறுக்கிறது இதிலதான்.

தாள் நீளம் ஐந்தரை அங்குலம் எண்டால் அதுக்குப் பிறகு தாள் நீளக் கட்டளை, 27 67 22; கடைசி 22 எண்டது கால் அங்குல வரி 22. அனுப்பேக்க தாள் மேல் விளிம்பில நிக்கவேணும், நிக்கிற இடத்தைத்தான் அது பக்கத் தொடக்கமா எடுக்கும். கரண்ட் போய் வந்தால் எல்லாம் அழிஞ்சிடும், எங்கட பக்கம் அது புதினமில்லை. அதால ரெண்டு கட்டளையையும் ஒவ்வொரு பில்லின்ர தலையிலயும் வையுங்கோ.

விண்டோஸில எப்சன் டிரைவரைத் தவிர்த்து எழுத்தை மட்டும் அனுப்பிற "ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி" டிரைவரைப் போடுங்கோ. சில மென்பொருளில எப்சன் டிரைவர் பில்லைப் படமா மாத்தி அனுப்பும், உங்கட கட்டளை பிரிண்டருக்குப் போய்ச் சேராது. முதல் பில்லை வெள்ளைத் தாளில அடிச்சு அடிமட்டம் வைச்சுப் பாருங்கோ.