டிவி2 தமிழ்ச் செய்தி: அஸ்ட்ரோ இல்லாமல் பார்ப்பதும், சங்க நிகழ்ச்சியை அதில் வரவைப்பதும்

கேள்வி: பினாங்கில் இருக்கிறோம். அஸ்ட்ரோ (கட்டண சேட்டிலைட் டிவி) இல்லாமல் டிவி2 தமிழ்ச் செய்தி பார்க்க முடியுமா? எங்கள் சங்க நிகழ்ச்சி அதில் வர வழி உண்டா?

பார்க்கலாம், மாதக் கட்டணம் கிடையாது. 2019 அக்டோபரோடு பழைய அனலாக் ஒளிபரப்பு முழுதாக நின்றுவிட்டது. இப்போது மைஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் ஒளிபரப்புதான். அதைப் பிடிக்க, டிவியில் டிவிபி-டி2 (DVB-T2) என்ற டிஜிட்டல் வாங்கி இருக்க வேண்டும். வெறும் டிவிபி-டி (பழைய வகை) என்றால் தனி டிகோடர் வாங்க வேண்டும். யூஎச்எஃப் ஏரியலை ஜன்னலோரம் வைத்து, ஒளிபரப்புக் கோபுரம் உள்ள குனோங் ஜெராய் மலைப் பக்கம் திருப்பி, ஆட்டோ ஸ்கேன் போடுங்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் பலரும் உடனே பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) வாங்குகிறார்கள். சிக்னல் ஏற்கெனவே பலமாக இருந்தால் பூஸ்டரே அதைக் கெடுக்கும். முதலில் ஏரியல் வயரின் முனையைப் பாருங்கள்: நடுக்கம்பியில், அதைச் சுற்றியுள்ள வலைக்கம்பியின் ஒரு இழை உரசினாலே போதும், சேனல் காணாமல் போகும்.

சங்க நிகழ்ச்சி செய்தியில் வர, டிவி2-ஐ நடத்தும் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் பினாங்கு அலுவலகத்துக்கும், கோலாலம்பூரில் அதன் தலைமையகமான அங்காசாபுரியின் தமிழ்ச் செய்திப் பிரிவுக்கும் ஒரு வாரம் முன்பே கடிதம் அனுப்புங்கள். நாள், நேரம், இடம், தொடர்பு எண், முக்கியமாக இதனால் யாருக்கு என்ன பயன் என்பது ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பொன்னாடை, மாலை மட்டும் உள்ள நிகழ்ச்சிக்கு கேமரா வருவது சந்தேகம். இலவச ரத்தப் பரிசோதனை, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) வழிகாட்டி என்றால் வாய்ப்பு அதிகம். பேட்டி கொடுப்பவர் 20 விநாடிக்குள் விஷயத்தைச் சொல்லப் பழகட்டும். நாதஸ்வரம் முழங்கும் இடத்தில் பேட்டி வேண்டாம், குரல் எடுபடாது.