கணினி கேள்வி பதில்: அப்பா கேட்க, தானே நிரம்பும் பாட்காஸ்ட் பட்டியல்

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது, சர்க்கரையால் பார்வை ரொம்பவே மங்கிவிட்டது. ரேடியோ கேட்டே வளர்ந்தவர், பேச்சுச் சத்தம் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. விண்டோஸ் கணினியில் ஐட்யூன்ஸ் செயலி வழியாக ஆறு பாட்காஸ்ட் (நெட்டில் தொடராக வரும் பேச்சு நிகழ்ச்சி) இறக்கி, வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு ப்ளேலிஸ்ட்டில் இழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன். கேட்டதை எடுக்க, புதுசைச் சேர்க்க என்று தினமும் 20 நிமிடம் ஆகிறது. நான் மறந்துபோன நாளில் முந்தின நாள் கேட்டதையே திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார், என்னிடம் சொல்வதும் இல்லை. இதைத் தானாக நடக்க வைக்க வழி உண்டா?
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: உண்டு. நீங்கள் வைத்திருக்கும் ஐட்யூன்ஸிலேயே இருக்கிறது, புதிதாக எதையும் வாங்க வேண்டாம். அப்பா உங்களிடம் சொல்லாமல் பழையதையே கேட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகவே இன்று இரவே உட்கார்ந்து இதைச் செய்துவிடுங்கள், அரைமணி நேர வேலைதான்.

இப்போது நீங்கள் செய்வது சாதாரண ப்ளேலிஸ்ட். நாம் போட்டதுதான் அதில் இருக்கும், நாமே எடுத்தால்தான் போகும். உங்களுக்கு வேண்டியது ஸ்மார்ட் ப்ளேலிஸ்ட். அதில் பகுதிகளை (எபிசோடுகளை) நாம் போடுவதில்லை, நிபந்தனைகளை மட்டும் சொல்லிவிடுகிறோம், பொருந்துவது தானே உள்ளே வரும், பொருந்தாமல் போனது தானே வெளியேறும். ஃபைல் மெனுவில் நியூ, அதற்குள் ஸ்மார்ட் ப்ளேலிஸ்ட். திறக்கும் பெட்டியில் மூன்று வரி போடுங்கள். முதல் வரியில் மீடியா கைண்ட் என்பது பாட்காஸ்ட். இரண்டாவதில் ப்ளேஸ் என்பது 0, அதாவது ஒருமுறைகூட முழுசாக ஓடாதது. மூன்றாவதில் டேட் ஆடட் என்பது கடந்த 7 நாட்களுக்குள். கீழே லைவ் அப்டேட்டிங் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் பட்டியல் இன்றைக்கு இருந்தபடியே உறைந்துவிடும்.

மேலே ஆல், எனி என்று ஒரு தேர்வு இருக்கிறது பாருங்கள், பலர் தடுக்கி விழுவது அங்கேதான். ஆல் என்றால் மூன்று நிபந்தனையும் சேர்ந்து பொருந்த வேண்டும். எனி என்று வைத்துவிட்டால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும் என்று ஆகி, கணினியில் இதுவரை போடாத பாட்டெல்லாம் அப்பாவின் பட்டியலுக்குள் வந்து நிற்கும். ஆல் என்றே இருக்கட்டும்.

ப்ளேஸ் எண்ணிக்கை, பகுதி கடைசி வரை ஓடி முடிந்தால்தான் 0 என்பதிலிருந்து 1 ஆகும். இது நல்லதுதான், ஏனென்றால் அப்பா பாதியில் சாப்பிட எழுந்தாலும் அந்தப் பகுதி பட்டியலிலேயே இருக்கும், பாட்காஸ்ட்டுக்கு விட்ட இடத்தை ஐட்யூன்ஸ் நினைவில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே தொடரும். ஆனால் முடிவில் வரும் விளம்பரம் பிடிக்காமல் கடைசி நிமிடத்தில் அடுத்ததற்குத் தாவினால், அது கேட்காதது என்றே கணக்கில் நிற்கும். அதனால்தான் அந்த 7 நாள் நிபந்தனை. அப்படித் தேங்கியது ஒரு வாரத்தில் தானே விலகிவிடும்.

தொடர்கதை மாதிரி ஏதாவது கேட்கிறார் என்றால் அதற்குத் தனிப் பட்டியல் போடுங்கள். செய்திக்கு 7 நாள் சரி, கதைக்குச் சரிவராது, உடம்பு முடியாமல் பத்து நாள் கேட்காமல் விட்டால் நடுவில் இரண்டு அத்தியாயம் காணாமல் போய்விடும். இங்கே நாள் கணக்கை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஆல்பம் என்ற வரியில் அந்தத் தொடரின் பெயரைக் கொடுங்கள். அப்புறம் வெளியான தேதிப்படி பழையது முதலில் வருமாறு வரிசைப்படுத்துங்கள். செய்திப் பட்டியலில் இதற்கு நேர்மாறு, புதியது மேலே.

பட்டியல் தயார், ஆனால் புதுப் பகுதிகள் இறங்கினால்தானே அதில் வர ஏதாவது இருக்கும். ஐட்யூன்ஸில் பாட்காஸ்ட்டுக்கான அமைப்பில் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை புதியதைத் தேட வேண்டும், கண்டதை இறக்க வேண்டுமா, கேட்டதை அழிக்க வேண்டுமா என்று மூன்றையும் கேட்கும். இறக்கி வைப்பதையே தேர்ந்தெடுங்கள், நெட் போன மத்தியானத்திலும் அப்பாவுக்குப் பேச்சு நிற்காது. இடம் பிடிக்குமே என்று பயப்பட வேண்டாம்: 128 கேபிபிஎஸ் ஒலித் தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு 58 எம்பி அளவுதான், தினம் இரண்டரை மணி நேரம் இறங்கினாலும் வாரத்துக்கு ஒரு ஜிபி. கேட்டதை அழிக்கச் சொல்லிவிட்டால் அதுவும் சேராது.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் சில சமயம் ஒரு பாட்காஸ்ட் மட்டும் வருவது நின்றுபோகும். ஒன்றை ரொம்ப நாள் கேட்காமலே விட்டால் ஐட்யூன்ஸ் அதை இறக்குவதைத் தானே நிறுத்திக்கொள்ளும், பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி தெரியும். அதை நீங்கள்தான் சொடுக்கி மறுபடி தொடங்கி வைக்க வேண்டும், பார்வை மங்கிய அப்பாவுக்கு அந்தக் குறி தெரியப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை எட்டிப் பாருங்கள், போதும்.

கணினி தூங்கிவிட்டாலும் எதுவும் இறங்காது. விண்டோஸின் பவர் அமைப்பில், மின்சாரத்தில் ஓடும்போது ஸ்லீப் என்பதற்கு நெவர் என்று வையுங்கள், திரை அணைந்தால் பரவாயில்லை. ஐட்யூன்ஸ் மூடிக் கிடக்கக் கூடாது, கணினி தொடங்கும்போதே அதுவும் திறக்கும்படி செய்துவிடுங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். ஸ்பேஸ் பார் தட்டினால் ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். கீபோர்டில் அதுதான் நீளமான பட்டை, விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். அதன் நடுவில் கெட்டியான ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி, அப்பாவின் விரலை அதன்மேல் வைத்து நாலைந்து முறை தட்டச் சொல்லுங்கள். யாரையும் கூப்பிடாமல் அவரே நிறுத்தி, அவரே தொடரலாம்.

கேள்வி: என்னுடையது லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப், ஐட்யூன்ஸ் வராது. எனக்கு என்ன வழி? அப்புறம், சில நிகழ்ச்சிகளை எந்தச் செயலியில் தேடினாலும் கிடைப்பதில்லையே, ஏன்?
(ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: ஜிபாடர் என்ற, பாட்காஸ்ட் இறக்கும் செயலியைப் போடுங்கள். இலவசம், திறமூல மென்பொருள், விண்டோஸிலும் ஓடும். அதன் அமைப்பில் புதுப் பகுதி கண்டால் உடனே இறக்கு என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள், நிகழ்ச்சிவாரியாக வந்து சேரும். விஎல்சி என்ற, ஒலி, வீடியோ ஓட்டும் செயலியில் அந்த ஃபோல்டரைத் திறந்தால் அதுவே பட்டியல், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அப்போது உள்ளே இருப்பதைப் படித்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: நேரே விஎல்சியில் கேட்டால் நீங்கள் கேட்டது ஜிபாடருக்குத் தெரியாது, கேட்டதை இத்தனை நாளில் அழி என்ற வசதியும் வேலை செய்யாது. ஜிபாடருக்குள்ளிருந்தே ப்ளே கொடுங்கள், அது விஎல்சியைத் திறந்து ஓட்டும், கணக்கும் வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பாட்காஸ்ட் தானாக வந்து சேருவதே ஆர்எஸ்எஸ் என்ற ஒரு சின்ன எழுத்துக் கோப்பால்தான். நிகழ்ச்சி நடத்துபவர் புதுப் பகுதி போட்டதும் அந்தக் கோப்பில் தலைப்பு, தேதி, ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி என்று ஒரு பத்தி சேரும், நம் செயலி அவ்வப்போது போய் அதைப் படித்து, புதிய பத்தியைக் கண்டால் இறக்கும். ஒலிக்கோப்பின் முகவரியை ஆர்எஸ்எஸ்ஸுக்குள் வைக்கும் வசதி 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது, டேவ் வைனர் என்ற அமெரிக்க மென்பொருளாளர் கொண்டுவந்தார். இன்றைக்கும் அதே முறைதான். ஒரே செயலிக்குள் மட்டும் வெளியாகும் நிகழ்ச்சிகளுக்குப் பொதுவான ஆர்எஸ்எஸ் முகவரி இருக்காது, அதனால்தான் ஜிபாடரிலோ ஐட்யூன்ஸிலோ அவை அகப்படுவதில்லை. நிகழ்ச்சி நடத்துபவருக்கே ஒரு வரி எழுதி, ஆர்எஸ்எஸ் முகவரி தாருங்கள் என்று கேளுங்கள். சின்ன நிகழ்ச்சிகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகவே தருகிறார்கள்.

லேப்டாப் பழையது என்கிறீர்கள், அதனால் முகவரிகளைச் சேர்த்து முடித்த கையோடு ஜிபாடரில் ஓபிஎம்எல் கோப்பாக (முகவரிப் பட்டியல் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) ஏற்றுமதி செய்து ஒரு பென் டிரைவில் வைத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் போனாலும் புது இடத்தில் அந்த ஒரு கோப்பைக் கொடுத்தால் உங்கள் நிகழ்ச்சிகள் எல்லாம் திரும்ப வந்துவிடும்.