பழைய அமெரிக்க வானொலி கௌபாய் நாடகங்களில் எதிலிருந்து தொடங்கலாம்? ஆங்கிலப் பேச்சு அவ்வளவாகப் பழகாதவருக்குப் புரியுமா?

‘கன்ஸ்மோக்’கில் தொடங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் இந்த நாடகங்களிடம் வந்து சேர்ந்ததே என் கண்ணால்தான். மூன்று வருடத்துக்கு முன் விழித்திரையில் ஓட்டை விழுந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். கண்ணுக்குள் வாயு நிரப்பிவிட்டு, ஒரு வாரம் குப்புறவே படுத்திருக்கச் சொன்னார்கள். படிக்கக் கூடாது, டிவி கூடாது. என் மகள் ஃபோனில் நிறைய ஒலிப்பதிவுகளை ஏற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள். அதில் ‘கன்ஸ்மோக்’ நாடகம் ஒன்றை ஓடவிட்டேன்.

ஒருவர் மரப்பலகை நடைபாதையில் நடந்து வருகிறார். பூட்ஸின் குதிகால் பலகையில் படும் சத்தம், அதோடு ஒட்டிக்கொண்டு, குதிரையை விரட்ட பூட்ஸில் மாட்டும் குதிமுள்ளின் மெல்லிய கிணுகிணுப்பு. எங்கோ தூரத்தில் நாய் குரைக்கிறது. படியிறங்கி மண் தெருவுக்கு வந்ததும் காலடிச் சத்தம் அமுங்குகிறது. ஒரு வண்டி கடந்து போகிறது. மறுபடி பலகை. பிறகுதான் கதவு, பேச்சு. அவ்வளவு நேரமும் யாரும் வாய் திறக்கவில்லை. தலையணையில் முகம் புதைத்துக் கிடந்த எனக்கு அந்தத் தெருவின் அகலம்கூடத் தெரிந்தது. வேறொரு நாடகமாக இருந்தால் “இதோ, நான் தெருவைக் கடக்கிறேன்” என்று பாத்திரத்தைச் சொல்ல வைத்திருப்பார்கள். இவர்கள் அந்த நடையை முழுசாக நடக்கவிட்டார்கள். ரே கெம்பர், டாம் ஹேன்லி, பில் ஜேம்ஸ் ஆகிய ஒலிக் கலைஞர்கள் செய்த வேலை அது. நடிகர்களுக்குச் சமமாக அவர்கள் பெயரையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சிபிஎஸ் வானொலியில் 1952 ஏப்ரல் 26 அன்று தொடங்கி 1961 ஜூன் வரை ஓடிய தொடர் இது. ஏறக்குறைய 480 நாடகங்கள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். கதை நடப்பது 1870களின் டாட்ஜ் சிட்டியில், கான்சாஸ் மாநிலம். உருவாக்கியவர்கள் இயக்குநர் நார்மன் மெக்டோனலும் எழுத்தாளர் ஜான் மெஸ்டனும். அதுவரை வானொலியில் கௌபாய் என்றால் பிள்ளைகளுக்கான சமாச்சாரம். வெள்ளைக் குதிரை, பாட்டு, கடைசியில் நல்லவன் ஜெயிப்பான். கொலராடோவில் பிறந்து வளர்ந்த மெஸ்டனுக்கு அந்தப் பூச்சு பிடிக்கவில்லை. பெரியவர்கள் கேட்கிற மாதிரி எழுதினார். அவர் கதைகளில் நல்லவர்கள் காரணமே இல்லாமல் சாகிறார்கள். ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷல் சில சமயம் தாமதமாக வருகிறார். சில சமயம் வந்தும் பயனில்லை.

டாட்ஜ் சிட்டி கற்பனை ஊர் இல்லை. 1872இல் ரயில் பாதையோடு பிறந்தது. முதலில் காட்டெருமைத் தோல் வியாபாரம், பிறகு டெக்ஸாஸிலிருந்து ஓட்டி வரும் மாட்டு மந்தைகளின் சந்தை. மாதக்கணக்கில் மாட்டோடு நடந்து வந்து, கூலி கைக்கு வந்ததும் குடிக்கிற வாலிபர்கள். எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி. அதனால் நகருக்குள் துப்பாக்கி ஏந்தத் தடையே போட்டிருந்தார்கள். 1878 ஏப்ரலில் நகர மார்ஷல் எட் மாஸ்டர்சன் ஒரு குடிகாரனிடமிருந்து துப்பாக்கியை வாங்கப் போன இடத்தில்தான் சுடப்பட்டு இறந்தார். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், நாடகத்தில் மார்ஷல் ஒருவனிடம் “துப்பாக்கியைக் கொடு” என்று தணிந்த குரலில் கேட்கும்போது வயிற்றைப் பிசையும்.

அந்த மார்ஷல் மேட் டில்லன், கற்பனைப் பாத்திரம். குரல் வில்லியம் கான்ராட். கனத்த, அடித்தொண்டைக் குரல். அதில் வீரத்தைவிட அலுப்பு அதிகம். ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் தன் வேலையைப் பற்றி ஒரு வரி சொல்வார்: ஆபத்தான வேலை, ஆளை எப்போதும் விழிப்பாக வைத்திருக்கும், கொஞ்சம் தனிமையாகவும் ஆக்கும் என்று. அந்த ‘தனிமை’க்கு முன்னால் சின்னதாக ஒரு இடைவெளி விடுவார். என்னைப் பொறுத்தவரை தொடர் முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. ஒருவனைச் சுட்டுவிட்டு அவர் ஒருபோதும் சந்தோஷப்பட்டு நான் கேட்டதில்லை.

கூட இருப்பவர்களும் அப்படியே மனசில் தங்கிவிடுவார்கள். உதவியாள் செஸ்டராக பார்லி பேர், சலூன் எனப்படும் மதுக்கடையில் வேலை பார்க்கும் கிட்டியாக ஜார்ஜியா எல்லிஸ், டாக்டராக ஹோவர்ட் மெக்நியர். கிட்டியின் பிழைப்பு என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் டில்லன் அவளை ஒரு நடன விருந்துக்கு அழைத்துப் போகிற நாடகம் ஒன்று உண்டு. ஊர்ப் பெரிய மனிதர்களின் வீட்டுப் பெண்கள் அவளை நடத்தும் விதத்திலேயே எல்லாம் புரிந்துவிடும். டாக்டர் தொடக்கத்தில் பிணம் விழுந்தால் கட்டணம் வருமே என்று காத்திருக்கும் ஆளாக இருந்தார். அதனால் அமானுஷ்யக் கார்ட்டூன்கள் வரைந்த சார்ல்ஸ் ஆடம்ஸின் பெயரையே அவருக்கு வைக்கலாம் என்று சொன்னவர் கான்ராட். போகப் போக அந்த டாக்டர்தான் ஊரிலேயே ஈரமான மனுஷராக மாறினார்.

1955இல் இதே கதை தொலைக்காட்சிக்குப் போனது. அங்கே 20 ஆண்டுகள், 635 பகுதிகள். வானொலி நடிகர்களில் இந்த நால்வரில் ஒருவரையும் எடுத்துக்கொள்ளவில்லை. கான்ராட் குள்ளம், உடம்பும் பருமன். திரையில் ஜேம்ஸ் ஆர்னஸ் ஆறரை அடி உயரத்தில் வந்து நின்றார். அவர் நன்றாகத்தான் செய்தார். ஆனாலும் மூன்று வருடம் அந்த மார்ஷலுக்கு உயிர் கொடுத்தவரை உடம்பைப் பார்த்து ஒதுக்கியது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம். டிவியில் ஆர்னஸ் நடித்துக்கொண்டிருந்த முதல் ஆறு வருடமும் கான்ராட் வானொலியில் அதே டில்லனாகப் பேசிக்கொண்டிருந்தார். பார்க்க ஒரு மார்ஷல், கேட்க ஒரு மார்ஷல்.

முதலில் கேட்க ஒன்றைச் சொல் என்றால் ‘தி கேபின்’. 1952 டிசம்பரில் வந்தது. பனிப்புயலில் விறைத்துப்போய் டில்லன் ஒரு மரக்குடிசைக்கு வந்து சேர்கிறார். உள்ளே இரண்டு கொலைகாரர்கள், அவர்களிடம் சிக்கிய ஒரு பெண். அவள் பெயர் பெல். வெளியே காற்று ஊளையிடுவது நாடகம் முழுக்க நிற்பதில்லை. நடுவில் நடப்பதைச் சொல்ல மாட்டேன். கடைசியில் பிரியும் நேரத்தில் டில்லன் அவளிடம், நடந்ததை வைத்து மனசு கசந்துவிடாதே, உலகத்தில் நல்ல ஆண்களும் உண்டு என்கிற மாதிரி ஆறுதல் சொல்வார். அவள், ‘அப்படித்தான் சொல்கிறார்கள்’ என்பாள். 1952இல், குடும்பமே உட்கார்ந்து கேட்கும் ஒரு பெட்டியில், அந்தப் பதிலை அப்படியே விட்டுவிட்டு நாடகத்தை முடித்திருக்கிறார்கள். அதைக் கேட்டு வெகுநேரம் நான் அடுத்ததைப் போடவில்லை.

இது பிடித்துவிட்டால் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ‘தி சிக்ஸ் ஷூட்டர்’ போங்கள். என்பிசியில் 1953–54இல் 39 நாடகங்களோடு நின்றுபோனது. இன்னும் மென்மையானது, நிதானமான பேச்சு. ஜான் டெனர் லண்டன் பத்திரிகை நிருபராக மேற்கே சுற்றும் ‘ஃபிரான்டியர் ஜென்டில்மேன்’ (1958) மூன்றாவது.

டெட்ராய்ட் நிலையத்தில் 1933இல் தொடங்கிய ‘தி லோன் ரேஞ்சர்’ பற்றியும் பலர் கேட்பார்கள். சிறுவர்களுக்கானது, எனக்கு இரண்டு நாடகத்துக்கு மேல் ஓடவில்லை. ஆனால் அதன் வரலாற்றில் ஒரு சம்பவம் மறக்க முடியாதது. நாயகனுக்குக் குரல் கொடுத்த ஏர்ல் கிரேசர் 1941 ஏப்ரலில் கார் விபத்தில் இறந்துபோனார். மறுநாளே வேறு குரலைக் கொண்டு வந்தால் பிள்ளைகள் தாங்குவார்களா? அதனால் கதையில் ரேஞ்சருக்குப் பலத்த காயம் என்று வைத்தார்கள். சில நாடகங்களுக்கு அவர் பேச முடியாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு கிடந்தார். தோழன் டோன்டோதான் கதையை இழுத்துப் போனான். மெல்ல மெல்ல ரேஞ்சர் தேறி வாய் திறந்தபோது அது பிரேஸ் பீமரின் குரலாக இருந்தது. கேட்கிறவர்களை அவ்வளவு மதித்திருக்கிறார்கள்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டீர்கள். முதல் இரண்டு நாடகம் கொஞ்சம் சிரமமாக இருக்கும். செஸ்டர் சொற்களை இழுத்து மென்று பேசுவார், அது பாதி நழுவிப் போகும். பரவாயில்லை, விடுங்கள். டில்லன் குறைவாகவும் நிறுத்தியும் பேசுகிறவர், அவரைப் பிடித்துக்கொண்டால் கதை கைக்கு வந்துவிடும். பேச்சு புரியாத இடத்தில் சத்தம் சொல்லிவிடும். நாற்காலி பின்னால் தள்ளப்பட்டதா, பியானோ நின்றதா என்று கவனியுங்கள். பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சில பதிவுகளில் இரைச்சல் இருக்கும், வேறு பதிவைத் தேடினால் தெளிவானது அகப்படும். ஹெட்ஃபோன் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, ராத்திரியில் கேளுங்கள். பஸ்ஸில் வேண்டாம், அந்தக் காலடிச் சத்தம் காதில் விழாது.