என் நிலத்தில் தொட்டி கட்டுவதைப் பக்கத்து நிலத்துக்காரர் தடுக்க முடியுமா?

கேள்வி: மேட்டில் இருக்கும் எங்கள் நிலத்தின் எல்லையோரமாக 50,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி கட்டப் போகிறேன். அங்கிருந்து கீழே உள்ள எங்கள் வயலுக்குக் குழாய் போக வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் பக்கத்துக்காரர் நிலத்தைத் தாண்டியாக வேண்டும். 'தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று அவர் வாயால் சொல்லிவிட்டார். ஆனால் அவர் மகன், தொட்டி உடைந்தால் எங்கள் வீடே போய்விடும், கட்டவே விட மாட்டேன் என்கிறார். தடுக்க முடியுமா?

பதில்: வெறும் பயத்தைக் காட்டித் தடை வாங்குவது லேசில் நடக்காது. ஆபத்து நிச்சயம், அதுவும் உடனடியாக வரும் என்று அவர் காட்டினால்தான் கோர்ட் பொதுவாகக் காது கொடுக்கும். ஆனாலும் மகன் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். 50,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 50 டன், அது அவர் தலைக்கு மேலே நிற்கப் போகிறது.

இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 1860-இல் இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி தன் ஆலைக்காக நீர்த்தேக்கம் கட்டினார். கட்டும்போது அடியில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் தெரிந்தும் ஒப்பந்ததாரர்கள் சரியாக அடைக்கவில்லை. நீர் நிரம்பியதும் உடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த ஃப்ளெச்சரின் சுரங்கத்துக்குள் பாய்ந்துவிட்டது. ரைலண்ட்ஸ் மேல் தனிப்பட்ட தவறு எதுவும் இல்லை, வேலையை நம்பி ஒப்படைத்தவர், அவ்வளவுதான். அப்படியும் 1868-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, நஷ்டஈடு அவர்தான் தர வேண்டும் என்றது. ஆங்கிலேயச் சட்ட வழியில் வந்த பல நாடுகளில், தவறே இல்லாவிட்டாலும் தேக்கியவர்தான் பொறுப்பு என்ற இந்த விதி இன்றும் உயிரோடு இருக்கிறது (ஆஸ்திரேலியா 1994-இல் இதைக் கவனக்குறைவுச் சட்டத்துக்குள் கரைத்துவிட்டது). வீட்டு உபயோகத்துக்கான சாதாரணத் தொட்டிக்கு இது பொருந்தாது என்று வாதாடலாம்தான், ஆனால் உங்கள் அளவுக்கு அந்த வாதத்தை நம்பி நான் இறங்க மாட்டேன்.

அதனால் மண்ணைச் சோதித்து, பொறியாளர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தோடு கட்டுங்கள். நிரம்பி வழியும் தண்ணீர் அவர் பக்கம் போகவே கூடாது. தொட்டி உடையாவிட்டாலும் தினமும் கசிந்து அவர் சுவரை ஊறவைத்தால், அதற்கே தனி வழக்குப் போடலாம். எல்லையை ஒட்டி ஆழமாகத் தோண்டி அவர் மண் சரிந்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான். கட்டிட அனுமதி, எல்லையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சர்வேயரை வைத்து எல்லையையும் அளந்துவிடுங்கள்.

அப்புறம் அந்தக் குழாய். உண்மையில் உங்கள் பலவீனமே அதுதான். வாய்வார்த்தை அனுமதியைப் பொதுவாக எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். நாளை நிலம் மகன் கைக்கு வந்தால், அப்பா சொன்னது அவரைக் கட்டுப்படுத்தும் என்று நினைக்காதீர்கள். குழாய் எந்த வழியாகப் போகும், எவ்வளவு ஆழம், பழுது பார்க்க யார் உள்ளே வரலாம் என்றெல்லாம் எழுதி, வசதியுரிமையாக (அடுத்தவர் நிலத்தை ஒரு குறிப்பிட்ட தேவைக்குப் பயன்படுத்தும் உரிமை) பத்திரம் பதிவு செய்யுங்கள். பொறியாளரின் வரைபடத்தை மகனிடமே காட்டுங்கள், முடிந்தால் அவரையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பத்திரம் கைக்கு வரும்வரை அஸ்திவாரம் தோண்ட வேண்டாம்.