எந்தத் தெருன்னு கேட்டு ஆரம்பிச்ச கவுன்சலிங்

கேள்வி: அக்கா, எம்.எஸ்ஸி சைக்காலஜி முடிச்சிட்டு பாளையங்கோட்டை பக்கம் ஒரு காலேஜ்ல கவுன்சலரா சேந்திருக்கேன். செகண்ட் இயர் பொண்ணு ஒருத்தி, ஆலங்குளம் தாண்டி ஒரு கிராமம், அம்மா பீடி சுத்துதாங்க. அடிக்கடி லீவு போடுதா, கேட்டா வயித்து வலிங்கா, ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. பேச்சை ஆரம்பிக்கணுமேன்னு எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டேன், அதுக்கப்புறம் எதைச் சொன்னாலும் "சரி மேடம்"தான், மறுவாரம் வரவே இல்ல. மோட்டிவேஷன் கம்மியா, சோம்பேறித்தனமான்னு புரியல. அவ அம்மா போன்ல "இது இசக்கியம்மன் கோளாறு, கொடைக்கு வந்து திருநீறு போட்டா சரியாயிரும்"ங்காங்க. நான் படிச்சதெல்லாம் அமெரிக்கா கதை, இங்க எப்படி பொருத்துறது?

பதில்: தங்கச்சி, நீங்க சும்மா பேச்சுக்குத்தான் கேட்டீங்க, எனக்குப் புரியுது. ஆனா நம்ம ஊர்ல எந்தத் தெருன்னு கேட்டா என்ன ஆளுங்கன்னு கேக்குததாத்தான் அர்த்தம், அது உங்களுக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். பஸ்ல பக்கத்து சீட்டு ஆச்சி கேட்டா சிரிச்சு சமாளிச்சிரலாம், மேஜைக்கு அந்தப் பக்கம் பைலோட உக்காந்திருக்க மேடம் கேட்டா என்ன பண்ணுவா, வாயை மூடிக்கிட்டு எல்லாத்துக்கும் சரி மேடம்தான் சொல்லுவா.

இதுக்கு நீங்க படிச்ச அமெரிக்கா கதையிலயே விஷயம் இருக்கு. 1995ல கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் காமிச்சது, இது உன் திறமையை அளக்குத டெஸ்டுன்னு சொன்னதுமே கறுப்பின ஸ்டூடண்ட்ஸோட மார்க் இறங்கிச்சு, அப்படிச் சொல்லாதப்போ அந்த அளவுக்கு இறங்கல. அதே மாதிரி ஒண்ணை கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேச கிராமத்துல செஞ்சு பாத்தாங்க, 2006ல பேப்பர் வந்துச்சு. ஆறாப்பு ஏழாப்பு பையங்க, வழி கண்டுபிடிக்குத புதிர்தான் குடுத்தாங்க. ஜாதியைப் பத்தி பேச்சே எடுக்காம விட்டப்போ மேல்ஜாதி, ஒடுக்கப்பட்ட ஜாதின்னு ரெண்டு பக்கத்துப் பையங்களும் கிட்டத்தட்ட ஒண்ணு போலத்தான் போட்டாங்க, எல்லார் முன்னாடியும் அப்பா பேரு, தாத்தா பேரு, ஜாதின்னு வாசிச்சதும் ஒடுக்கப்பட்ட ஜாதிப் பையங்க போடுத எண்ணிக்கை சரிஞ்சிருச்சு. அதே பையன், அதே மூளை. அந்தப் பொண்ணு எந்தத் தெருவோ எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நம்ம ஊரு ஆளுங்க யாரா இருந்தாலும் அந்தக் கேள்வி வந்தா உஷாராயிருவாங்க.

அதுக்காக அந்தப் பக்கம் சாஞ்சிராதீங்க. "எனக்கு ஜாதியெல்லாம் கிடையாதும்மா, எல்லாரும் ஒண்ணுதான்"னு நிறைய பேர் பெருமையா சொல்லுதாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஜாதியால அடிபட்ட பிள்ளைக்கு "அப்போ இதை இவங்ககிட்ட சொல்ல முடியாது"ன்னு படும். நாங்குநேரியில 2023ல கூடப் படிச்ச பையங்களே ஒரு பட்டியலினப் பையனை வீடு புகுந்து வெட்டினது நமக்கு மறந்திருக்காது, அதுக்கப்புறம் நீதியரசர் சந்துரு கமிட்டி 2024ல குடுத்த அறிக்கையில பிள்ளைங்க ஜாதியைக் காட்டக் கையில கட்டுத கலர் கயிறைத் தடை பண்ணணும்னே சொல்லிருக்கு. அந்த அளவுக்கு பச்சையா இருக்க ஒண்ணை நாம பாக்காத மாதிரி உக்காந்திருந்தா எப்படி? நார்மா டே-வைன்ஸ் குரூப் 2007ல எழுதினது இதைத்தான், கவுன்சலரே முதல்ல கதவைத் திறந்து வைக்கணும், உள்ள வாரதும் வராததும் அவங்க இஷ்டம். நான் இப்படிச் சொல்லுவேன்: "காலேஜ்லயோ ஊர்லயோ வீட்டைப் பத்தி, ஆளுங்களைப் பத்தி யாராவது பேசி மனசு கஷ்டமாச்சுன்னா அதையும் இங்க சொல்லலாம், இன்னைக்கே சொல்லணும்னு இல்ல." அவ்வளவுதான், நோண்டக் கூடாது. இன்னொண்ணு, அவ உங்களையும் படிச்சிட்டுதான் இருக்கா, உங்க பேச்சு, பொட்டு, செயின் எல்லாத்தையும்.

அடுத்தது அந்த சோம்பேறித்தனம். ஒருத்தர் செய்யுததுக்கு அவங்க குணத்தைக் காரணமாக்கிட்டு சூழ்நிலையை விட்டுருததைத்தான் லீ ராஸ் 1977ல அடிப்படை கற்பிதப் பிழைன்னாரு. ஜோன் மில்லர் 1984ல சிகாகோக்காரங்களையும் மைசூர் இந்துக்களையும் ஒப்பிட்டாங்க, அமெரிக்கப் பெரியவங்க குணத்தைச் சொன்ன இடத்துல நம்மாளுங்க சூழ்நிலையை அதிகமாச் சொன்னாங்க. உடனே நாம உசத்தின்னு துள்ள வேண்டாம், வேற தெரு ஆளுன்னா நம்ம வாயிலயும் "அவனுவளே அப்படித்தான்"னுதான வருது, அதுக்கும் பெட்டிக்ரூ 1979லயே இறுதிக் கற்பிதப் பிழைன்னு பேரு வச்சிட்டாரு.

அவளுக்கு என்ன சூழ்நிலைன்னு கேட்டீங்களா? சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் சொளவை மடியில வச்சு குனிஞ்சு உக்காந்து, இலையை வெட்டி, தூளை வச்சு சுருட்டி, நூல் கட்டி, அம்மாவோட கணக்கை முடிச்சுக் குடுக்காளா இல்லையா? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலின்னு இருக்க வீட்டுல மக கை நின்னா காசும் நின்னுரும். சாப்பிடுததே எத்தனை மணிக்கோ. இதை டாக்டர்கிட்டயும் சொல்லச் சொல்லுங்க, ஸ்கேன் நார்மல்னா வலி பொய்யின்னு ஆகாது, மனசுல இருக்க பாரம் உடம்பு வலியா வாரதும் நம்ம பக்கம் சாதாரணம். இதுல போய் "கோட்டி புடிச்சிருக்கு"ன்னு பேரு வாங்க யாருக்குத்தான் ஆசை?

இசக்கியம்மன் விஷயத்துல அம்மாகூட மல்லுக்கு நிக்காதீங்க. ஆர்தர் கிளெய்ன்மேன் கூட ரெண்டு பேர் சேந்து 1978ல, நோயை அவங்களே எப்படிப் பாக்காங்கன்னு தெரிஞ்சுக்க சில கேள்விகளைக் குடுத்தாங்க, 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்குத அமெரிக்க மனநோய்க் கையேட்டுலயும் அதே போக்குல 16 கேள்வி இருக்கு. நம்ம பாஷையில: "இது எதனால வந்துச்சுன்னு நினைக்கீங்க? ஏன் இப்போ வந்துச்சு? எதை நினைச்சா ரொம்ப பயமா இருக்கு? என்ன செஞ்சா சரியாகும்னு தோணுது?" ஏன் இப்போன்னு கேட்டாலே பாதி கதை வந்துரும், கல்யாணப் பேச்சு, கடன், அண்ணன் சண்டைன்னு. கொடைக்குப் போகட்டும், உங்ககிட்டயும் வரட்டும். அடிக்கது, பட்டினி போடுதது, மாத்திரையை நிறுத்துதது, கட்டி வைக்கதுன்னு போனா அப்போ விடாதீங்க. 2001 ஆகஸ்ட் 6ல ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில சங்கிலியில கட்டிக் கெடந்த 28 பேர் செத்தாங்க, சங்கிலியில கட்டுததை 2017 மனநலச் சட்டம் தடை பண்ணிருக்கு. சாகணும்னு தோணுதான்னும் அந்தப் பொண்ணுகிட்ட நேரா கேட்டுருங்க, கேட்டா எண்ணம் வந்துரும்னு பயப்படாதீங்க. ராத்திரி அவசரத்துக்கு அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம்.

அம்மாவைக் கூப்பிடலாமான்னா, கூப்பிடலாம், அவ சரின்னா மட்டும். அவ சொன்னதுல எதை அம்மாகிட்ட சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாதுன்னு முன்னாடியே அவகிட்டயே கேட்டு வச்சுக்கோங்க.

இப்போ அவளைத் திரும்ப வரவழைக்கணும். கிளாஸ்ல ஆள் விட்டுக் கூப்பிடாதீங்க, நாலு பேர் பாப்பாங்க. கேண்டீன் பக்கமோ லைப்ரரியிலயோ பாத்தா "அன்னைக்கு தெருவெல்லாம் கேட்டேன், அது தேவையில்லாத கேள்வி"ன்னு ரெண்டு வார்த்தை சொல்லிருங்க. அப்புறம் கடைக்கு பீடி குடுக்குத நாள் எது, கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டு, அதுல மாட்டாத நேரமா பாத்து அவளையே சொல்லச் சொல்லுங்க.